எல்லையில் ஓர் ஊர்: பாடாங் பெசார்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில், பினாங்கு பாலிக் புலாவைச் சேர்ந்த பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'எல்லை ஊரில் அன்றாட வாழ்க்கை' என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. பாலிக் புலாவ்காரர் எல்லையைப் பற்றி என்ன பேசப் போகிறார் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். எங்கள் ஊர் பினாங்குத் தீவின் முதுகுப் பக்கம். ஊரின் பெயரே அதைத்தான் சொல்கிறது. ஒரு பக்கம் மலை, மறு பக்கம் கடல். டுரியானும் சாதிக்காயும் கிராம்பும் விளையும் மண். ஜார்ஜ்டவுனில் இருப்பவர்களுக்கே நாங்கள் தூரத்து உறவு மாதிரி.

ஆனால் எங்கள் ஊர் உண்டானதில் எல்லைக்கும் பங்கு உண்டு. 1821-ஆம் ஆண்டு நவம்பரில் சயாம் படை கெடாவுக்குள் புகுந்தது. ஆயிரக்கணக்கான மலாய் மக்கள் உயிருக்குப் பயந்து படகேறிப் பினாங்குக்கும் எதிர்க்கரைக்கும் ஓடி வந்தார்கள். அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினர் பாலிக் புலாவ் பக்கம் காடு வெட்டிக் குடியேறினார்கள் என்பது எங்கள் ஊர் வரலாறு. இன்று எங்கள் ஊர்க் கடையில் போய் லக்சா கேட்டால், 'அசாமா, சயாமா?' என்று திருப்பிக் கேட்பார்கள். புளி போட்டது ஒன்று, தேங்காய்ப்பால் விட்டது ஒன்று. சயாமுக்குப் பயந்து ஓடி வந்தவர்கள் இருந்த ஊரில் சயாம் லக்சா விற்கிறது. பகை ஓய்ந்துவிடும், ருசி மட்டும் தங்கிவிடும் போலிருக்கிறது.

நான் பேச வந்தது பாடாங் பெசாரைப் பற்றி. பெர்லிஸ் மாநிலத்தின் வடக்கு முனையில், தாய்லாந்து எல்லையை ஒட்டி இருக்கும் சிறிய பட்டணம். என் சித்தப்பா ரயில்வேயில் வேலை பார்த்து அங்கேதான் குடும்பத்தோடு இருந்தார். பள்ளி விடுமுறை என்றால் எங்களை அங்கே அனுப்பிவிடுவார்கள். அதனால் அந்த ஊரை நான் சாமான் வாங்கப் போகிறவனாக மட்டும் பார்க்கவில்லை. அங்கே சாப்பிட்டு, தூங்கி, சின்னம்மாவோடு சந்தைக்குப் போய் வந்தவனாகவும் பார்த்திருக்கிறேன்.

இப்போது போவது மிகவும் சுலபம். ஃபெரி ஏறிப் பட்டர்வொர்த்தில் இறங்கினால் பக்கத்திலேயே ரயில் நிலையம். ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை 329 கிலோமீட்டர் தூரத்துக்கு மின்சார இரட்டைத் தண்டவாளம் போட்டு முடித்த பிறகு, 2015-லிருந்து கொமுட்டர் ரயில் ஓடுகிறது. சுங்கைப் பட்டாணி, குருண், அலோர்ஸ்டார், கோடியாங், ஆராவ் என்று நின்று நின்று போனாலும் சுமார் இரண்டு மணி நேரத்தில் எல்லையில் இறக்கிவிட்டுவிடும். வழியெல்லாம் கெடாவின் வயல்வெளி. ஆராவ் தாண்டியதும் காட்சி மாறும். வெட்டவெளியில் திடீர் திடீரென்று சுண்ணாம்புக்கல் மலைகள் எழுந்து நிற்கும்.

போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பினாங்கில் சனி, ஞாயிறு விடுமுறை. இடையில் கடக்கும் கெடாவில் வெள்ளி, சனி விடுமுறை. பெர்லிஸ் போனால் மறுபடியும் சனி, ஞாயிறு. இரண்டு மணி நேரப் பயணத்தில் வார விடுமுறை இரண்டு முறை மாறுகிறது! அந்தப் பக்கம் இருக்கும் சொந்தக்காரர்களின் கல்யாணத்துக்கு நாள் பார்க்கும்போதுதான் இந்தத் தொல்லை தெரியும்.

ஒரு நிலையம், இரண்டு நேரம்

பாடாங் பெசார் ரயில் நிலையத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மலாயா ரயில் பாதையும் சயாம் ரயில் பாதையும் 1918-ல் அங்கேதான் கைகோத்தன. அந்த நிலையம் நம் மண்ணில் இருக்கிறது. ஆனால் அதற்குள் இரண்டு நாட்டுக் குடிநுழைவு முகப்புகளும் இருக்கின்றன. மலேசிய அதிகாரி உங்கள் கடப்பிதழில் 'வெளியே போனார்' என்று முத்திரை குத்துவார். சில அடி நடந்தால் தாய்லாந்து அதிகாரி 'உள்ளே வந்தார்' என்று குத்துவார். கால் இன்னும் பெர்லிஸில்தான் இருக்கும். கடப்பிதழ் மட்டும் தாய்லாந்துக்குள் போய்விட்டிருக்கும். சின்ன வயதில் எனக்கு இது பெரிய வேடிக்கை.

நேரமும் அப்படித்தான். நம் நேரம் தாய்லாந்து நேரத்தைவிட ஒரு மணி நேரம் முந்தியது. நம் ரயில் நம் நேரத்துக்குப் புறப்படும். ஹட்யாய் போகும் தாய்லாந்து ரயிலுக்கு அவர்கள் நேரம். பயணச்சீட்டில் பத்து மணி என்று போட்டிருந்தால், எந்த நாட்டுப் பத்து மணி என்று கேட்டுக்கொள்வது நல்லது. அவசர அவசரமாக ஓடி வந்து, ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. அது பரவாயில்லை. திரும்பி வரும்போது தாய்லாந்து நேரத்தை நம்பிக்கொண்டு சாவகாசமாக வந்தால் நம் ரயில் போய்விட்டிருக்கும்.

என் சிறு வயதில் இந்த வித்தியாசம் அரை மணி நேரம்தான் இருந்தது. 1981 டிசம்பர் 31-ஆம் தேதி இரவு, சபா, சரவாக் நேரத்தோடு ஒத்துப் போவதற்காகத் தீபகற்ப மலேசியாவில் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளினார்கள். பதினொன்றரை மணி பன்னிரண்டாகி, 1982 பிறந்தது. கோலாலம்பூரில் இருப்பவர்களுக்குக் காலையில் சூரியன் கொஞ்சம் தாமதமாக வந்தது, அவ்வளவுதான். பாடாங் பெசாரில் அது பிழைப்பைத் தொட்டது. அதுவரை சந்தைக்கார அம்மாக்கள் 'சயாம் நேரம், அரை மணி கழி' என்று சொல்லிக் கொண்டிருந்தார்கள். பிறகு ஒரு மணி கழிக்கப் பழகிக் கொண்டார்கள். பள்ளிக்கூடம், வங்கி, தொழுகை எல்லாம் ஒரு நேரம். எதிரே நூறு கஜத்தில் இருக்கும் கடைக்காரருக்கு வேறு நேரம். அங்கே 'நாளை எட்டு மணிக்கு வா' என்று சொன்னால் பேச்சு முடியாது. 'நம்ம எட்டா, அவங்க எட்டா' என்று கேட்டால்தான் முடியும்.

கையில் வெள்ளி, கணக்கில் பாட்

ஊருக்குள் எல்லோரும் தேடிப் போகும் இடம் வணிக வளாகம். தாய்லாந்துத் துணிமணி, பாய், கம்பளம், கருவாடு, புளிப்பு மாங்காய், வறுத்த தின்பண்டம் என்று எல்லாம் கிடைக்கும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பள்ளி விடுமுறை வந்தால் நாடு முழுவதிலிருந்தும் பேருந்துகள் வந்து வரிசையாக நிற்கும். எல்லையைத் தாண்டாமலே சயாம் சாமான் வாங்கலாம் என்பதுதான் அந்த ஊரின் பலம்.

அந்த ஊர்க்காரர்களிடம் நான் வியந்தது ஒன்று உண்டு. படித்தவரோ படிக்காதவரோ, கணக்கில் எல்லோரும் கெட்டி. காலையில் பசியாறும்போதே 'இன்றைக்குப் பாட் என்ன விலை' என்று விசாரிப்பார்கள். 1997 ஜூலை 2-ஆம் தேதி தாய்லாந்து தன் நாணயத்தைச் சந்தை போக்கில் விட்டபோது ஆசியாவே ஆடிப்போனது என்று நாம் பத்திரிகையில் படித்தோம். பாடாங் பெசாரில் அதைப் படிக்க வேண்டிய அவசியம் இல்லை. மேசை மேல் இருந்த சில்லறையே சொல்லிவிட்டது. 1998 செப்டம்பரில் நம் அரசாங்கம் ஒரு டாலருக்கு 3 வெள்ளி 80 காசு என்று கட்டி வைத்தது. 2005 ஜூலையில் அந்தக் கட்டு அவிழ்ந்தது. இதெல்லாம் பொருளாதார வகுப்பில் பாடம். அங்கே ஒரு கட்டுக் கைலி வாங்கி விற்பவருக்கு அன்றைய லாப நட்டம். ஒரு காலத்தில் ஒரு வெள்ளிக்குப் பத்து பாட் கிடைத்தது. 2023-லும் 2024-லும் அது ஏழரை, எட்டு என்று இறங்கியிருந்தது. வெளியூர்க்காரர் 'முன்னே மாதிரி மலிவு இல்லையே' என்று முகத்தைச் சுளிக்கிறார். கடைக்காரர் என்ன செய்வார்? நாணயத்தின் மதிப்பு அவர் கையிலா இருக்கிறது?

எல்லையில் வாழ்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பெர்லிஸ், கெடா, கிளந்தான் மாநிலங்களிலும் பேராக்கின் வடகோடியிலும் இருப்பவர்கள் கடப்பிதழ் இல்லாமல் எல்லை அனுமதிப் புத்தகத்தைக் காட்டி அக்கரைக்குப் போய் வரலாம். எல்லையை ஒட்டிய பகுதிக்கு மட்டும்தான். பினாங்குக்காரர்களாகிய நமக்கு அது கிடையாது. கடப்பிதழ் எடுக்க வேண்டும். 2025 மே முதல் தேதியிலிருந்து தாய்லாந்து வருகை அட்டையையும் இணையத்தில் நிரப்பிக்கொண்டு போக வேண்டும். ஆனால் என் சித்தப்பா மகனுக்கோ அக்கரை என்பது நமக்கு ஆயிர் ஈத்தாம் சந்தை மாதிரி. முடி வெட்டிக்கொள்ள, மோட்டார் சைக்கிள் பழுது பார்க்க, மதியம் ஒரு சோறு சாப்பிட என்று போய் வருவார். அக்கரையில் இருப்பது சொங்க்லா மாநிலத்தின் சாடாவ் மாவட்டம். அங்கும் ஊர்ப் பெயர் பாடாங் பெசார்தான். மலாய்க் குடும்பங்களுக்கு இரண்டு பக்கமும் உறவு. 1909-ல் ஆங்கிலேயரும் சயாமும் பேங்காக்கில் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டு, கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு இந்தப் பக்கம், சத்தூன் அந்தப் பக்கம் என்று பிரித்தார்கள். வரைபடத்தில் கோடு விழுந்தது. அதற்காக அண்ணன் தம்பி உறவு விட்டுப் போகுமா?

எதிர்த்திசையிலும் ஆட்கள் வருகிறார்கள். நாம் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இரவு நேரத்தில் போய் உட்காரும் தோம்யாம் கடைகளில் சமைப்பவர்கள் பலர் தென் தாய்லாந்துக்காரர்கள். அனுமதி நாள் முடியும் சமயத்தில் எல்லைக்கு வந்து, அக்கரைக்குப் போய், முத்திரை குத்திக்கொண்டு திரும்புவார்கள். நம் மேசைக்கு வரும் சூப்புக்குப் பின்னால் இப்படி ஒரு பேருந்துப் பயணம் இருக்கிறது.

இனி, எல்லா எல்லை ஊர்களுக்கும் இருக்கும் இன்னொரு முகத்தைப் பற்றியும் பேச வேண்டும். கடத்தல். பாடாங் பெசார் என்றாலே சிலர் கண்ணடித்துச் சிரிக்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. கடத்தலைச் செய்வது விலை வித்தியாசம். உதவித்தொகை கொடுத்து 2 வெள்ளி 50 காசுக்கு நாம் வாங்கும் ஒரு கிலோ பொட்டல எண்ணெய் அக்கரையில் கூடுதல் விலைக்குப் போகும். பெட்ரோல் விலை அங்கே நம்மைவிட மிக அதிகம். அக்கரை அரிசி இங்கே வரும். கெத்தும் இலை இங்கிருந்து அங்கே போகும். 2024 ஜூன் 10-ஆம் தேதி டீசல் விலையை 3 வெள்ளி 35 காசுக்கு உயர்த்தினார்கள். 2025 செப்டம்பர் கடைசியிலிருந்து ரோன் 95 பெட்ரோலை அடையாள அட்டை காட்டினால்தான் 1 வெள்ளி 99 காசுக்குத் தருகிறார்கள். எல்லைக் கடத்தலும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. கெத்தும் கதை இன்னும் விசித்திரம். 2021 ஆகஸ்டில் தாய்லாந்து அதைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. நம் நாட்டில் 1952-ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டம் அப்படியே இருக்கிறது. ஒரே இலை, வேலிக்கு அந்தப் பக்கம் வியாபாரம், இந்தப் பக்கம் வழக்கு. சட்டத்தை மீறுவது சரி என்று நான் சொல்லவில்லை. லோரி வைத்துக் கடத்துகிற பெரிய கைகளையும், மோட்டார் சைக்கிளில் இரண்டு பை அரிசி கொண்டு வரும் கிழவரையும் ஒரே தராசில் நிறுத்தாதீர்கள் என்கிறேன்.

வாங் கெலியானை மட்டும் என்னால் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது. பாடாங் பெசாருக்கு மேற்கே, மலைக்கு அப்பால் இருக்கும் சின்ன எல்லைக் கிராமம் அது. வார இறுதியில் அங்கே கூடும் சந்தைக்கு, கடப்பிதழே இல்லாமல் எல்லைக் கோட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை இரு நாட்டவரும் போய் வரலாம் என்று விட்டிருந்தார்கள். எவ்வளவு அழகான ஏற்பாடு! 2015 ஏப்ரல் முதல் தேதியோடு அதை நிறுத்தினார்கள். அடுத்த மாதமே அந்த மலைக்காட்டில் ஆள் கடத்தல்காரர்களின் 28 முகாம்களும் 139 புதைகுழிகளும் கண்டுபிடிக்கப்பட்டன. ரோஹிங்கியா மக்களையும் வங்காளதேசத்தவரையும் அடைத்து வைத்துப் பணம் கேட்ட இடங்கள் அவை. 2019-ல் அரச விசாரணை ஆணையம் அதை விசாரித்தது. ஒரு பக்கம் வெங்காயமும் செருப்பும் விற்ற சந்தை. அதே மலையில் மனிதனை விற்ற கூட்டம். சந்தையில் கடை போட்டிருந்த ஏழைகளுக்கும் அந்தக் கூட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் வழி அடைபட்டபோது பிழைப்பை இழந்தவர்கள் கடைக்காரர்கள்தான்.

கதவு சாத்திய இரண்டு வருடம்

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. நாம் எல்லோரும் வீட்டுக்குள் இருந்தோம். ஆனால் சில மாதத்தில் பாலிக் புலாவில் டுரியான் விற்றது, லக்சா கடை திறந்தது. பாடாங் பெசாரில் கடை திறந்தும் பலன் இல்லை. எல்லை 2022 ஏப்ரல் முதல் தேதி வரை சாதாரணப் பயணிகளுக்குத் திறக்கவில்லை. சரக்கு லோரிகள் மட்டும் கட்டுப்பாட்டோடு போய் வந்தன. சரக்கு அங்கே, வாடிக்கையாளர் இங்கே, நடுவில் பூட்டிய கதவு. எதிரே கண்ணுக்குத் தெரியும் வீட்டில் இருக்கும் தங்கையைத் தொலைபேசியில்தான் பார்த்தார்கள். மறுபடி திறந்தபோது பழைய கூட்டம் அப்படியே வரவில்லை. கைப்பேசியில் துணி வாங்கப் பழகியவர் பேருந்து ஏறி எதற்கு வருகிறார்? வருகிறவர்களும் ரயில் மாறி நேரே ஹட்யாய்க்குப் போய்விடுகிறார்கள். பட்டர்வொர்த்திலிருந்து பேங்காக் போன நேரடி ரயில் 2016-ன் கடைசியில் நிறுத்தப்பட்டது. ஆகவே எல்லோரும் பாடாங் பெசாரில் இறங்கித்தான் ஆக வேண்டும். ஊருக்குள் நடந்து வருவதில்லை, நடைமேடையிலேயே திரும்பி ஏறிவிடுகிறார்கள்.

இந்த இடத்தில் இன்னோர் ஊரையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவின் மணிப்பூர் மாநிலத்தில் மோரே என்று ஓர் எல்லை ஊர். எதிரே மியன்மாரின் தாமு. அங்கே தமிழர்கள் இருக்கிறார்கள்! 1960-களில் பர்மாவில் சொத்தையும் தொழிலையும் இழந்து தமிழ்நாட்டுக்குக் கப்பலேறியவர்களில் சிலர், அங்கே ஒட்ட முடியாமல், தரைவழியாகப் பர்மாவுக்கே திரும்பிவிடலாம் என்று மணிப்பூர் வரை போனார்கள். எல்லையில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். திரும்பிப் போக இடம் இல்லாமல் அங்கேயே தங்கிக் கடை வைத்தார்கள், கோயில் கட்டினார்கள், தமிழ்ச் சங்கம் வைத்தார்கள். அங்கும் கடப்பிதழ் இல்லாமல் 16 கிலோமீட்டர் வரை போய் வரும் ஏற்பாடு இருந்தது. 2020-ல் நோய், 2021 பிப்ரவரியில் மியன்மாரில் இராணுவ ஆட்சி, 2023 மே மாதம் மணிப்பூர்க் கலவரம் என்று ஒன்றன் பின் ஒன்றாக வந்து அந்த ஊர் வியாபாரத்தை முடக்கின. அதோடு ஒப்பிட்டால் நம் பாடாங் பெசார் பாக்கியசாலி. நம் கதவு இரண்டு வருடத்தில் திறந்தது.

தமிழர் கடந்த எல்லை

இப்போது நம்மவர்கள் கதைக்கு வருகிறேன். பாடாங் பெசார் வழியாக அதிகமான தமிழர்கள் எப்போது கடந்து போனார்கள் என்று நினைக்கிறீர்கள்? சாமான் வாங்கப் போன காலத்தில் அல்ல. 1943-ல். சயாம் மரண ரயில் பாதை போடுவதற்காக ஜப்பானியர் தோட்டம் தோட்டமாகத் தமிழர்களைத் திரட்டினார்கள். நல்ல சம்பளம் என்று ஆசை காட்டியும் ஏற்றினார்கள், சந்தையிலும் தெருவிலும் பிடித்தும் ஏற்றினார்கள். சரக்கு வண்டிகளில் நிற்க வைத்து, இந்த மேற்குக்கரைப் பாதை வழியாகத்தான் பான் போங்குக்குக் கொண்டு போனார்கள். அவர்களிடம் யாரும் கடப்பிதழ் கேட்கவில்லை. பான் போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் இணைந்தது. மாண்டவர்களில் ஆசியத் தொழிலாளர்களே மிக அதிகம். எத்தனை ஆயிரம் என்று சரியான கணக்கு இன்றுவரை இல்லை. காஞ்சனபுரியில் வெள்ளைக்காரப் போர்க் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. நம்மவர்களுக்கு அப்படிப் பெயர் வரிசை இல்லை. ஆர்.சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்', அ.ரெங்கசாமி எழுதிய 'நினைவுச்சின்னம்' ஆகிய நாவல்கள் அந்தத் துயரத்தைப் பேசுகின்றன. படிக்காதவர்கள் படியுங்கள். அதே 1943-ல் ஜப்பான், கெடாவையும் பெர்லிஸையும் தாய்லாந்திடமே ஒப்படைத்தது என்பதும் பலர் மறந்துவிட்ட செய்தி. போர் முடியும் வரை எல்லைக்கோடு தெற்கே இறங்கி வந்திருந்தது.

போருக்கு முன்னும் பின்னும் தண்டவாளத்தைப் பராமரித்தவர்கள் பெரும்பாலும் தமிழர்களே. என் சித்தப்பாவும் அந்த வரிசையில் வந்தவர்தான். பெர்லிஸ் வெயிலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நம் நாட்டில் பதிவான மிக அதிக வெப்பம், 40.1 பாகை, 1998 ஏப்ரல் 9-ஆம் தேதி பெர்லிஸின் சுப்பிங்கில்தான். ஜனவரியிலிருந்து மார்ச் வரை மழையே இருக்காது. அந்த வெயிலில் இரும்புப் பாதையில் வேலை. மாலையில் வந்தால் சின்னம்மா தண்ணீர்ப் பானையைத்தான் முதலில் நீட்டுவார். சித்தப்பா வீட்டில் பேசியது தமிழ், வெளியே வட மாநில மலாய், சந்தையில் தாய் மொழி, அதாவது தாய்லாந்து மொழி. அவருடைய பிள்ளைகள் மூன்று பேருக்கும் மூன்று மொழியும் தண்ணீர்பட்ட பாடு.

ஆனால் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவர் மூவரில் ஒருவர்தான். மூத்தவரை அலோர்ஸ்டாரில் உறவினர் வீட்டில் விட்டுத் தமிழ்ப்பள்ளியில் சேர்த்தார்கள். ஏழு வயதுப் பிள்ளையைப் பிரிந்திருக்க முடியாமல் சின்னம்மா அழுதது எனக்கு நினைவிருக்கிறது. அதனால் அடுத்த இரண்டு பேரையும் பக்கத்திலிருந்த மலாய்ப் பள்ளியிலேயே சேர்த்துவிட்டார்கள். சித்தப்பாவை நான் குறை சொல்ல மாட்டேன். நம் நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பெர்லிஸ் மாநிலம் முழுவதற்கும் ஒன்றே ஒன்று. அது கங்காரில். பாடாங் பெசாரிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல். பெர்லிஸில் நூறு பேரில் ஒருவர்தான் இந்தியர் என்னும்போது ஊருக்கு ஒரு பள்ளி கேட்க முடியாது, தெரியும். மலாய்ப் பள்ளியிலேயே தமிழ் வகுப்பு கேட்கலாமே என்பீர்கள். 1996-ஆம் ஆண்டு கல்விச் சட்டப்படி 15 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் தாய்மொழி வகுப்புக்கு வழி உண்டு. ஒரே பள்ளியில் 15 தமிழ்ப் பிள்ளைகளைப் பாடாங் பெசாரில் எங்கே தேடுவது? முப்பது வருடம் தமிழ் சொல்லிக் கொடுத்த எனக்கு, என் சித்தப்பா மகன் அனுப்பும் புலனச் செய்தி மலாய் எழுத்தில் வரும் தமிழாக இருக்கிறது. 'அண்ணன் எப்ப வரீங்க' என்பதை ரூமி எழுத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன். அன்பில் ஒன்றும் குறைவில்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் எழுதப்போவது அதுகூட இருக்குமா என்பதுதான் என் கவலை.

போன வருடம் அவரைப் பார்த்தபோது, எல்லைச் சாவடியை இருபத்து நான்கு மணி நேரமும் திறந்து வைத்தால் ஊர் முன்னேறுமா என்று கேட்டேன். புக்கிட் காயு ஈத்தாமில் அந்தப் பேச்சு நெடுநாளாக இருக்கிறது. அவர் சிரித்தார். வியாபாரிக்கு நல்லது என்றார். அவருடைய மனைவி குறுக்கிட்டு, இரவு பத்து மணிக்கு அந்தக் கதவு சாத்தினால்தான் இந்தத் தெருவில் பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்றார். இரண்டு பேர் சொன்னதும் எனக்கு நியாயமாகவே பட்டது.

தலைவர் அவர்கள் மணியடிக்கக் கையை எடுத்துவிட்டார். ஒரு விண்ணப்பத்தோடு முடிக்கிறேன். பெர்லிஸ் மலேசியப் பல்கலைக்கழகத்தில் நம் தமிழ் மாணவர்கள் படிக்கிறார்கள். வளாகம் ஆராவ் பக்கம். பாடாங் பெசாரில் இருக்கும் பத்துப் பதினைந்து தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு மணி நேரம் தமிழ் எழுத்துச் சொல்லித்தர அவர்களில் இரண்டு பேர் முன்வந்தால் போதும். இடத்துக்கு என் சித்தப்பா மகன் வீட்டு முன்கூடம் இருக்கிறது, கேட்டுவிட்டேன். பாடநூல் நான் தருகிறேன். ஆராவில் கொமுட்டர் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் பாடாங் பெசார். ரயில் கட்டணத்தையும் மதிய சாப்பாட்டையும் பினாங்கில் நாங்கள் சிலர் சேர்ந்து பார்த்துக் கொள்கிறோம்.